மூக்கருகே நீட்டப்பட்ட உயிர்: அங்க் குறியும் கியூபெக் சட்டமும்

கியூபெக் மாகாணச் சட்டமன்றம் 2019 ஜூன் 16 அன்று நிறைவேற்றிய அரச மதச்சார்பின்மைச் சட்டம், பேச்சுவழக்கில் இன்றும் ‘பில் 21’ என்றே வழங்கும் அச்சட்டம், அரசுப் பள்ளி ஆசிரியர், காவலர், அரச வழக்குரைஞர் முதலானோர் பணியிடத்தில் சமயச் சின்னம் அணிவதைத் தடுக்கிறது. தடுப்பதற்கு முன் சமயச் சின்னம் எது என்று சொல்லியாக வேண்டுமாதலால், அதன் 6ஆம் பிரிவு இரண்டு உரைகற்களைத் தருகிறது. ஓர் உடையோ அணிகலனோ சமய நம்பிக்கையின் பொருட்டு அணியப்பட்டால் அது சமயச் சின்னம். அப்படி இல்லாவிட்டாலும், அது ஒரு சமயச் சார்பைக் காட்டுவதாக நியாயமாகக் கருதத்தக்கதாயின் அப்போதும் அது சமயச் சின்னமே. முதல் உரைகல் பொருளை அணிபவரின் நெஞ்சுக்குள் தேடுகிறது. இரண்டாவது, பார்ப்பவரின் கண்ணுக்குள் தேடுகிறது. தலைப்பாகை, ஹிஜாப், சிலுவை போன்றவற்றில் நெஞ்சும் கண்ணும் பெரும்பாலும் ஒத்துப்போவதால் இந்த வரையறைக்குள் இருக்கும் இடைவெளி வெளியே தெரிவதில்லை. அதைத் தெரியவைக்க, நெஞ்சும் கண்ணும் ஒன்றையொன்று அறியாத ஒரு குறி வேண்டும். மொன்றியல் நகரில் கழுத்துச் சங்கிலிகளில் சாதாரணமாகத் தொங்கும் பண்டை எகிப்தின் ‘அங்க்’ அத்தகைய குறி.

ஆப்பிரிக்க வேர்களை நினைவில் வைத்திருக்க விரும்பும் கறுப்பினத்தவர் அதை அணிகின்றனர். எகிப்தின் பழைய தெய்வங்களை மீண்டும் வழிபடத் தொடங்கிய சிறு குழுவினரும் அணிகின்றனர். கோத் எனப்படும் கறுப்புடை இசை வட்டத்தினர், 1983இல் வெளிவந்த ‘தி ஹங்கர்’ என்ற இரத்தக்காட்டேரிப் படத்துக்குப் பின்னும், நீல் கெய்மன் தம் ‘சாண்ட்மன்’ சித்திரக்கதையில் மரணத்தையே ஓர் இளம்பெண்ணாக்கி அவள் கழுத்தில் இந்தக் குறியை மாட்டிவிட்ட பின்னும், அதைத் தம் அடையாளமாக்கிக்கொண்டனர். எகிப்தியக் கிறித்தவருள் சிலருக்கு அது மூதாதையரின் சிலுவை. அருங்காட்சியகக் கடையில் வாங்கியவருக்கோ அது ஒரு பயண நினைவு, அவ்வளவுதான். ஒரே வார்ப்பில் செய்த வெள்ளித் துண்டு ஐவர் கழுத்தில் ஐந்து பொருள் தருமானால், பொருள் அந்த வெள்ளியில் இல்லை என்பது வெளிப்படை. எங்கே இருக்கிறது என்பதுதான் கேள்வி. அணிபவரிடமும் பார்ப்பவரிடமும் மட்டும் அதைத் தேடும் சட்டம், இவ்விரண்டிலும் பழமையான மூன்றாம் இடம் ஒன்றைத் தவறவிடுகிறது என்பதே இங்கு முன்வைக்கப்படும் கருத்து. அந்த மூன்றாம் இடம், தருகின்ற கைக்கும் பெறுகின்றவருக்கும் இடையிலே உள்ளது.

அங்க் என்பது குறுக்குக் கோடும் அதன் நடுவிலிருந்து இறங்கும் நெடுங்கோடும் கொண்டு, மேற்புறத்தில் கவிழ்த்த நீர்த்துளி போன்ற வளையம் உடைய வடிவம். எகிப்தின் முதல் அரசமரபுக் காலத்திலேயே, அதாவது இன்றைக்கு ஏறத்தாழ 5,000 ஆண்டுகளுக்கு முன்னரே, அது வழக்கில் இருந்தது. ஆணும் பெண்ணும் கூடுவது, அடிவானத்தில் சூரியன் எழுவது, நைல் நதியும் அதன் கழிமுகமும் என்றெல்லாம் அந்த வடிவத்துக்குச் சொல்லப்படும் விளக்கங்கள் பிற்காலத்தாரின் கற்பனைகள். எந்த எகிப்திய ஏட்டிலும் அவற்றுக்குச் சான்று இல்லை. எகிப்திய மொழியிலக்கண அறிஞர் ஆலன் கார்டினர், 1927இல் வெளியிட்ட தம் இலக்கண நூலின் குறிப்பட்டியலில் அதைச் செருப்பு வாரோடு சேர்த்தார்: வளையம் கணுக்காலைச் சுற்றுவது, நெடுங்கோடு கால்விரல்களுக்கிடையே செல்வது. அது செருப்பு வாரன்று, ஏதோ ஒரு முடிச்சு என்பாரும் உளர். எதுவாயினும், உலகம் முழுவதும் ‘உயிர்’ என்று வியந்து அணியும் குறி காலடிப் பொருளொன்றின் படமாக இருக்கக்கூடும் என்ற எண்ணம் பலருக்கு ஏமாற்றம் தரும். ஆனால் எழுத்து தோன்றிய விதத்தை அறிந்தவருக்கு அதில் வியப்பில்லை.

பவணந்தியாரின் நன்னூல் பெயர்களை இடுகுறி என்றும் காரணம் என்றும் பிரிக்கிறது. காரணமின்றி இட்டு வழங்குவது இடுகுறிப் பெயர், காரணம் பற்றி வருவது காரணப் பெயர். அங்க் இந்த இரண்டிலும் எளிதில் அடங்குவதில்லை. செருப்பு வாருக்கும் உயிருக்கும் பொருளளவில் தொடர்பு எதுவும் இல்லை. ஆயினும் அக்குறியைத் தேர்ந்ததற்கு ஒரு காரணம் உண்டு, அது ஒலிக்காரணம். வாரைக் குறித்த சொல்லும் உயிரைக் குறித்த சொல்லும் ஒரே மெய்யெழுத்துகளால் ஆனவையாதலால், எளிதில் வரையக்கூடிய ஒன்றின் படத்தை வரையவே இயலாத மற்றொன்றுக்குக் கடன்கொடுத்தனர். சிந்துவெளி முத்திரைகளின் மீன் வடிவம், மீனைக் குறிக்கும் சொல்லே விண்மீனையும் குறிப்பதால், வானத்து மீனைச் சுட்டலாம் என்று ஹென்றி ஹீராஸ் பாதிரியார் முன்வைத்து அஸ்கோ பர்ப்போலா விரித்துரைத்த கருதுகோள், இதே முறையை ஒட்டியது. அக்கருதுகோள் இன்னும் மெய்ப்பிக்கப்படவில்லை எனினும், முறை எப்படிச் செயற்படும் என்பதைத் தமிழ்ச் செவிக்கு அதைவிடத் தெளிவாகக் காட்டும் எடுத்துக்காட்டு வேறில்லை.

எகிப்திய எழுத்து மெய்யொலிகளை மட்டுமே எழுதியது. உயிரொலிகளைப் படிப்பவரே இட்டுக்கொள்ள வேண்டும். ஆகவே அங்க் என்ற குறி தொண்டையிலிருந்து எழும் ஓர் ஒலி, ஒரு ‘ன்’, உரசி வரும் ஒரு ‘க்’ ஆகிய மூன்று மெய்களைத்தான் தருகிறது. இடையிலிருந்த உயிரொலி கல்வெட்டில் இல்லை. உயிர் என்னும் சொல்லை உயிரெழுத்தின்றி எழுதிய ஒரு மக்கள்கூட்டத்தைத் தமிழ் இலக்கணம் பயின்றவர் புன்னகையோடுதான் நினைக்க முடியும். அதே மூன்று மெய்கள் வேறு பொருள்களையும் தந்தன. முகம்பார்க்கும் கண்ணாடிக்கு அங்க் என்று பெயர். 1922இல் ஹாவர்ட் கார்ட்டர் கண்டெடுத்த துத்தன்காமன் கல்லறையில் கிடைத்த கண்ணாடிப் பேழை அதனால் அங்க் வடிவிலேயே செய்யப்பட்டிருந்தது. பூங்கொத்துக்கும் அதே சொல். கோயிலிலிருந்து வந்த பூங்கொத்தைக் கொடுப்பது உயிரைக் கொடுப்பதாயிற்று. சத்தியம் செய்வதும் அங்க். அரசன் உயிர்மேல் ஆணையிட்டனர், தமிழர் தலைமேல் அடித்துச் சொல்வது போல.

இச்சொல் கோயிற்சுவரில் என்ன செய்கிறது என்பதைக் கூர்ந்து பார்த்தால்தான் குறியின் பயன் விளங்கும். அபிதோசில் மன்னன் முதலாம் சேத்தி கட்டிய கோயிலின் புடைப்புச் சிற்பங்களில், தெய்வம் அங்க் குறியை அதன் வளையத்தில் பிடித்து, கால்முனையை அரசனின் மூக்கருகே நீட்டுகிறது. நெஞ்சுக்கோ கைக்கோ நீட்டாமல் மூக்குக்கு நீட்டுவதன் காரணத்தை, மூச்சுவிடுதலையே உயிர்த்தல் என்று சொல்லும் மொழியினருக்கு விளக்க வேண்டியதில்லை. வேறு சுவர்களில், ஹோரஸ், தோத் என்னும் தெய்வங்கள் அரசனின் இருபுறமும் நின்று குடங்களைச் சாய்க்க, நீர்த்தாரைக்குப் பதில் அங்க் குறிகள் சங்கிலியாக இறங்கி அவன் தலைமேல் வளைகின்றன. அரசன் பெயருக்குப் பின் பெரும்பாலும் ‘தி அங்க்’, அதாவது ‘உயிர் தரப்பட்டவன்’, என்ற தொடர் வரும். இவை எல்லாவற்றிலும் அங்க் ஒருவர் கையிலிருந்து மற்றொருவரை நோக்கிச் சென்றுகொண்டிருக்கிறது. தெய்வங்கள் அதைக் கையில் பிடித்திருக்கின்றன, கழுத்தில் கட்டியிருப்பதில்லை. கண் வடிவம், வண்டு வடிவம் முதலிய தாயத்துகள் ஆயிரக்கணக்கில் கிடைத்திருக்க, தனி அங்க் தாயத்து ஒப்பளவில் குறைவாகவே கிடைத்திருப்பது இதனோடு பொருந்துகிறது. இன்று அணிகலனாகவே அறியப்படும் இக்குறி, தனக்கு உரியவர்களிடையே முதன்மையாக அணிவதற்குரியதாய் இருக்கவில்லை.

தருபவர் யார், பெறத் தகுதியுடையவர் யார் என்பது அங்கே அரசியலும் ஆகும். கி.மு. 14ஆம் நூற்றாண்டில் அரசன் அக்கெனாத்தன், ஆத்தன் என்னும் சூரியவட்டம் ஒன்றையே தெய்வமாகக் கொண்டு ஏனைய வழிபாடுகளை ஒடுக்கியபோது, விலங்குத் தலையும் மனித உடலும் கொண்ட தெய்வங்கள் சிற்பத்திலிருந்து மறைந்தன, அங்க் மறையவில்லை. சூரியவட்டத்திலிருந்து இறங்கும் கதிர்கள் ஒவ்வொன்றும் சிறு கையாக முடிய, அக்கைகளுட் சில அங்க் குறியை நீட்டுகின்றன. ஆனால் அரசன், அரசி, அவர்தம் குடும்பத்தார் ஆகியோரின் மூக்குக்கு மட்டுமே நீட்டுகின்றன. பக்கத்தில் குனிந்து நிற்கும் அதிகாரிகளுக்குக் கதிர் உண்டு, அங்க் இல்லை. தெய்வங்களை அடியோடு மாற்றிய புரட்சிக்காரனும் தரும் கையை மாற்றவில்லை. அக்கை வேறொருவரை நோக்கித் திரும்பாதபடி பார்த்துக்கொண்டான்.

சாமானியரின் நிலை என்ன என்பதற்கு மொன்றியலிலேயே மூன்று சாட்சிகள் உள்ளனர். நகரத்தின் முன்னாள் மேயரும் வணிகருமான ஜேம்ஸ் ஃபெரியர் 1859இல் எகிப்தில் பயணம் செய்து கொண்டுவந்த பொருள்களுடன் சேர்ந்த மூன்று பதப்படுத்திய உடல்கள், 1882இல் திறக்கப்பட்ட மக்கில் பல்கலைக்கழகத்து ரெட்பாத் அருங்காட்சியகத்தில் இன்று உள்ளன: தீப்ஸ் நகரத்து ஆண் ஒருவர், பெண் ஒருவர், ஃபையூம் பகுதிப் பெண் ஒருவர். சிடி ஸ்கான் எடுத்து ஆராய்ந்த அறிஞர்கள், 2012இல் வெளியிட்ட ஆய்வில், அந்த ஆணின் பற்கள் மிகவும் சிதைந்திருந்ததையும், சொத்தைக் குழியொன்றில் துணித்துண்டு திணித்து மருத்துவம் செய்யப்பட்டிருந்ததையும் தெரிவித்தனர். எகிப்தியர் அரசன் பெயரை எழுதும்போது ‘உயிர், செழிப்பு, நலம்’ என்று பொருள்படும் மூன்று குறிகளைச் சேர்த்தெழுதுவர். கடிதங்களில் ஒருவரையொருவர் வாழ்த்தவும் அச்சொற்களைப் பயன்படுத்தினர். இவற்றுள் முதலாவது அங்க். பல்வலியில் துடித்த இந்த மனிதருக்கும் யாரோ அவ்வாழ்த்தைச் சொல்லியிருப்பர். சவப்பெட்டிக்கு அவர்கள் இட்ட பெயர்களுள் ஒன்று ‘நெப் அங்க்’, உயிரின் தலைவன். அதை நகைமுரண் என்று எண்ணுவது நமது பார்வை. உயிர் பிரிந்தவர் மீண்டும் உயிர் பெறுவதற்கான இடமாகவே அவர்கள் அப்பெட்டியைக் கருதினர்.

அங்க் என்ற குறியின் பொருள் யாருக்கு உரியது என்று வெளிப்படையான வழக்கு எழுந்தது கி.பி. 391இல். ஆயர் தியோஃபிலஸ் காலத்தில், அலெக்சாந்திரியா நகரத்தில் செராப்பிஸ் என்னும் தெய்வத்தின் பெருங்கோயிலைக் கிறித்தவர் இடித்தபோது, கற்களில் சிலுவை போன்ற குறிகள் செதுக்கியிருக்கக் கண்டனர். அடுத்த நூற்றாண்டில் திருச்சபை வரலாறு எழுதிய சோக்ரட்டீஸ் ஸ்கொலாஸ்டிகஸ், அங்கு நடந்த வாதத்தைப் பதிவுசெய்திருக்கிறார். அது கிறித்துவின் குறி என்றனர் கிறித்தவர். கிறித்துவுக்கும் செராப்பிசுக்கும் பொதுவான ஏதோ ஒன்று என்றனர் பழைய சமயத்தார். அப்போது, மதம் மாறியவருள் பழைய எழுத்தை அறிந்த சிலர், அது வரவிருக்கும் வாழ்வைக் குறிக்கும் என்று விளக்கினர். அது கேட்டுப் பலர் ஞானமுழுக்குப் பெற்றனர். வெற்றிக் களிப்பில் எழுதியிருக்கக்கூடிய சோக்ரட்டீஸ் இங்கே சற்று நிதானிப்பது போற்றத்தக்கது. அக்குறியைச் செதுக்கிய எகிப்தியக் குருமார் கிறித்துவை முன்னறிந்திருந்தனர் என்ற கூற்றை அவர் ஏற்கவில்லை. ஏதென்ஸ் நகரத்தில் புனித பவுல் அங்கிருந்த பலிபீடத்து வாசகத்தைத் தம் உரைக்கு இசைவாக எடுத்தாண்டது போன்ற ஒரு நிகழ்ச்சி என்றும், அது இறைவனின் ஏற்பாடு என்றும் கூறுகிறார். செதுக்கியவரின் கருத்து ஒன்று, பின்வந்தவர் கொண்ட பொருள் மற்றொன்று; இரண்டும் உண்மையாகலாம் என்று ஒப்பும் அந்த மனம், கியூபெக்கின் 6ஆம் பிரிவை எழுதியவர்களின் மனத்தைவிட நெகிழ்வானது.

அங்கே எழுத்தறிந்தவர் சிலரேனும் இருந்தனர். மூன்றே ஆண்டுகளில், 394 ஆகஸ்டு 24 அன்று, தெற்கெல்லையிலுள்ள ஃபிலே தீவுக் கோயிலில் எஸ்மெத்-அகோம் என்ற குரு செதுக்கியதே காலம் தெரிந்த கடைசி எகிப்தியச் சித்திர எழுத்து; பின்னர் அக்கோயிலின் சுவர்களிலும் கிறித்தவர் சிலுவை வெட்டினர். குறியைப் படிக்கத் தெரிந்தவர் அற்றுப்போக, வடிவம் மட்டும் தொடர்ந்தது. நியூயார்க் மோர்கன் நூலகத்தில் இன்றுள்ள கிளேசியர் ஏடு, திருத்தூதர் பணிகள் நூலின் ஒரு பகுதியைக் கொப்திக் மொழியில், அதாவது எகிப்திய மொழியின் கிறித்தவக் கால வடிவத்தில், தருவது. அதன் முடிவில் பின்னல் வேலைப்பாட்டோடு முழுப்பக்க அங்க் ஒன்று சிலுவையாகத் தீட்டப்பட்டிருக்கிறது. பிறகு ஏறத்தாழ 1,400 ஆண்டுகள் கழித்து, 1822இல் அறிஞர் சாம்போலியோன் ரொசெட்டாக் கல்லைத் துணைக்கொண்டு சித்திர எழுத்தை மீட்டபோது, அவர் ஒப்புநோக்கிய தாலமி மன்னனின் பெயர்ச்சட்டத்துக்குள்ளேயே, ‘என்றும் வாழ்பவன்’ என்ற அடைமொழியின் முதற் குறியாக அங்க் காத்திருந்தது.

அலெக்சாந்திரியாவின் வாதம் மதுரையில் வேறு உருவில் நடந்தது. 1606இல் மதுரைக்கு வந்த இயேசு சபைத் துறவி ராபர்ட் தெ நோபிலி, கிறித்தவரான பிராமணர் பூணூலையும் குடுமியையும் சந்தனத்தையும் விடவேண்டியதில்லை என்று வாதிட்டார். அவை குலத்தையும் கல்வியையும் காட்டும் உலகியல் அடையாளங்களே, வழிபாட்டுச் சின்னங்கள் அல்ல என்பது அவர் கட்சி. எதிர்த்தவரோ, காண்பவர் அனைவரும் அவற்றைச் சமயச் சின்னமாகவே கொள்வர் என்றனர். அணிபவரின் நெஞ்சும் பார்ப்பவரின் கண்ணும் என்ற கியூபெக்கின் இரண்டு உரைகற்களும் இங்கே ஒன்றோடொன்று மோதுகின்றன. வழக்கு ரோமாபுரி சென்றது. 1623 ஜனவரி 31 அன்று பாப்பரசர் 15ஆம் கிரகோரி அளித்த தீர்ப்பு அவ்விரண்டில் ஒன்றைத் தேர்ந்து நிற்கவில்லை. பூணூல் இருக்கலாம், ஆனால் அதைக் கோயிலிலோ அக்கோயிலின் பணியாளர் கையாலோ பெறலாகாது; கத்தோலிக்கக் குரு புனித நீர் தெளித்து மந்திரித்துத் தர, அவர் கையால் பெற வேண்டும் என்றது. நூல் மாறவில்லை, பூண்பவர் மாறவில்லை, கொடுக்கும் கை மாறியது. அது மாறியதும் நூலின் பொருளும் மாறியதாக ரோமாபுரி கொண்டது.

அந்த நுட்பம் நீடிக்கவில்லை. 1704இல் புதுச்சேரியில் பாப்பரசரின் தூதர் தெ தூர்னோன் பிறப்பித்த ஆணை, பிள்ளையார் உருவம் பொறித்த தாலியைக் கிறித்தவப் பெண்கள் அணியலாகாது, சிலுவையோ கிறித்துவின் உருவமோ பொறித்துக்கொள்ளலாம் என்று விதித்தது. மஞ்சள் தோய்த்த 108 இழைக் கயிறும் கூடாது என்றது. 1744இல் பாப்பரசர் 14ஆம் பெனடிக்ட் அதைப் பெரும்பாலும் உறுதிசெய்தார். இந்த ஆணைகளின் நோக்கு முழுவதும் வடிவத்தின்மேல். ஆனால் தமிழ்க் கிறித்தவப் பெண்கள் சிலுவையோ புறாவோ பொறித்த தாலியைக் கட்டிக்கொண்டு தாலியைத் தாலியாகவே வைத்திருக்கின்றனர். ஏனெனில் தாலியைத் தாலியாக்குவது அதிலுள்ள உருவமன்று, ஊரறிய ஒருவர் கட்ட ஒருவர் ஏற்பதே ஆகும். அதே பொன்னை நகைக்கடைக் கண்ணாடிப் பெட்டிக்குள் காணும் எவரும் கைகூப்புவதில்லை. வடிவத்தைப் பற்றியே நீதிமன்றம் ஏறியவர்களுக்கும் தமிழகத்தில் குறைவில்லை; காஞ்சிபுரத்து வடகலை தென்கலை நாம வழக்குகளை இங்கே விரித்தால் வேறெதற்கும் இடமிராது.

மீண்டும் மொன்றியலுக்கு வந்தால், வடிவம் ஒன்றாயிருக்கப் பொருளை மாற்றும் வேலையை அரசும் மாநகரமும் தாமே செய்துள்ளமை புலனாகும். நகரத்தைத் தோற்றுவித்த மெசொன்னேவ் 1643இல் மலைமேல் நட்ட மரச்சிலுவையின் நினைவாக, 1924இல் மோன்-ரொயால் உச்சியில் 31.4 மீட்டர் உயர இரும்புச் சிலுவை எழுப்பப்பட்டது; இரவில் ஒளிரும் அது நகரத்தின் பெரும்பகுதிக்குத் தெரியும். மூன்று ஆண்டுகள் கழித்து, துத்தன்காமன் கல்லறை மூட்டிய எகிப்து மோகத்தில், அதே நகரத்தின் ஷெர்புரூக் மேற்குத் தெருவில் எம்பிரஸ் திரையரங்கு எகிப்தியக் கோயில் சாயலில் கட்டப்பட்டது. 1992 தீவிபத்துக்குப் பின் அது மூடியே கிடந்தது. அங்கே எகிப்தியத் தெய்வ வடிவங்களின் கீழே டிக்கெட் விற்றவர் எவரும் சமயச் சார்புடையவராகக் கருதப்பட்டிரார். கியூபெக் சட்டமன்றத்தில் மாட்டியிருந்த சிலுவையுருவை 2019 ஜூலை 9 அன்று எடுத்து வேறிடத்தில் காட்சிக்கு வைத்தனர். மலைச்சிலுவையோ பாரம்பரியச் சின்னமாக அப்படியே நிற்கிறது. பேரவைத் தலைவரின் இருக்கைக்கு மேலே தொங்கியவரை சமயச் சின்னம், கூடத்தில் கண்ணாடிக்குள் வைத்ததும் வரலாற்றுப் பொருள்: குறியின் பொருள் அது செய்யும் வேலையைப் பொறுத்தது என்று அரசே ஒப்புக்கொண்ட செயல் இது. அதே அரசு ஓர் ஆசிரியையின் கழுத்தைப் பார்க்கும்போது மட்டும் பொருளை வடிவத்தில் ஒட்டிவிடுகிறது. கியூபெக் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2024 பிப்ரவரியில் சட்டத்தைப் பெருமளவு நிலைநிறுத்தியது. 2025 ஜனவரியில் கனடா உச்ச நீதிமன்றம் வழக்கைக் கேட்க ஒப்புக்கொண்டது. நீதிமன்றங்களில் எழும் வாதங்கள் உரிமைகளையும், அவற்றைச் சட்டமன்றம் மீறிச்செல்ல இடந்தரும் அரசியலமைப்பின் 33ஆம் பிரிவையும் சுற்றியே செல்கின்றன; குறி என்றால் என்ன என்ற கேள்வி ஓரத்தில் நிற்கிறது.

தமிழ் வீடுகளுக்குள் அக்கேள்வி அத்தனை ஓரமானதன்று. பள்ளி ஆசிரியை ஒருவர் இடும் பொட்டு அழகுக்கா, மங்கலத்துக்கா, சக்திக்கா என்று கேட்டால் அவரே மூன்றும் என்று சொல்லக்கூடும், அன்றன்றைக்கு ஏற்ப ஒன்று என்றும் சொல்லக்கூடும். திருநீறு இன்னும் கடினமான நேர்வு, ஏனெனில் அதற்கென்று ஒரு நிலையான வடிவமே இல்லை. மூன்று விரலால் பூசினால் முக்குறி, ஒரு விரலால் தொட்டால் கீற்று, அள்ளிப் பூசினால் வெண்மை. ஆறுமுக நாவலர் தம் ‘சைவ வினாவிடை’யில் விபூதிக்கென ஒரு பகுதியையே ஒதுக்கி, எத்திசை நோக்கித் தரிப்பது, நிலத்தில் சிந்தாமல் எப்படித் தரிப்பது என்றெல்லாம் மாணவருக்கு வினாவும் விடையுமாகக் கற்பித்தார், அவர் அக்கறை கொண்டது நெற்றியில் அது எப்படித் தெரியும் என்பதைவிட அதை எப்படிக் கையாளுவது என்பதிலேயே. மொன்றியல் தீவின் மேற்கே, டொலார்ட்-டெ-ஓர்மோ பகுதியில் கியூபெக் சைவ மிஷன் நடத்தும் திருமுருகன் கோயிலில், தீபாராதனைக்குப் பின் குருக்கள் தட்டிலிருந்து எடுத்துத் தரும் திருநீற்றை, வலக்கையின் கீழ் இடக்கையை வைத்துத் தாங்கி வாங்குவோர் எவரும் அதை ஓர் அணிகலனாக எண்ணி வாங்குவதில்லை. காரில் ஏறும்போது அது நெற்றியில் பாதி அழிந்திருக்கும், வாங்கியது அழிவதில்லை. ‘அணியும் பொருள்’ என்று தொடங்கும் வரையறை இங்கே பிடிக்க ஒன்றுமில்லாமல் நிற்கிறது.

குறி தனியே கிடக்கும்போது உயிரற்றுத் தோன்றுகிறது, பயன்பாட்டிலேயே அது வாழ்கிறது என்ற கருத்தை மெய்யியலாளர் லுட்விக் விட்கென்ஸ்டைன், அவர் மறைவுக்குப் பின் 1953இல் வெளிவந்த ‘மெய்யியல் ஆய்வுகள்’ நூலில் வாதித்தார். அவர் அங்க் குறியை எண்ணி அதைச் சொல்லவில்லை. ஆனால் உயிர் என்றே பெயர்கொண்ட ஒரு குறிக்கு அக்கூற்று பொருந்துமளவு வேறெதற்கும் பொருந்தாது. எனினும், பயன்பாடு என்ற பொதுச்சொல் இங்கே போதவில்லை. கோத் இளைஞர் அணிவதும் பயன்பாடுதான், கடைக்காரர் விற்பதும் பயன்பாடுதான். அபிதோஸ் சுவரில் நிகழ்வதற்கும் இவற்றுக்கும் உள்ள வேறுபாடு, அங்கே குறி ஒருவருக்கொருவர் கடமைப்பட்ட இருவரிடையே கைமாறுகிறது என்பதே. ஆப்பிரிக்க மரபை நினைந்து அணியும் கறுப்பின இளைஞருக்கு அதைத் தாயோ பாட்டியோ கழுத்தில் மாட்டிவிட்டிருந்தால், சமயம் எதையும் சாராத அவர், பழைய எகிப்தியருக்கு எல்லாரையும்விட அருகில் நிற்கிறார் என்று சொல்வதில் தவறில்லை. அவர் அணிந்திருப்பது சமயச் சின்னமா என்று 6ஆம் பிரிவு கேட்கும். யார் தந்தது என்று அது கேட்காது.

வடிவம் இவ்வாறு பலர் கழுத்துக்குச் சென்றுவிட, சொல் வேறு வழியில் வந்துசேர்ந்தது. மொன்றியல் பகுதியின் கொப்திக் தேவாலயங்களில் ஞாயிறு வழிபாடு கொப்திக், அரபு, பிரெஞ்சு, ஆங்கிலம் ஆகிய மொழிகள் கலந்து நடக்கிறது. அங்குள்ள சிலுவைகளில் வளையம் இல்லை; நாற்கைகளும் முனையில் மும்மூன்றாகக் கிளைப்பவை. வலது மணிக்கட்டின் உட்புறம் சிறு சிலுவையைப் பச்சை குத்திக்கொண்ட பலரும் அவ்வழிபாட்டில் உண்டு. அது அணிந்து கழற்றும் பொருளன்று ஆகையால், 6ஆம் பிரிவின் சொற்களுக்குள் அதை அடக்குவது எளிதன்று. கொப்திக் மொழியில் உயிருக்கு ‘ஓன்க்’ என்று பெயர். கல்வெட்டில் எழுதாமல் விட்ட உயிரொலி இந்த வழித்தோன்றலில்தான் கேட்கிறது. நற்கருணைக்கு முன் குருவானவர் செய்யும் அறிக்கையில், கிறித்துவின் உடலுக்கு ‘ரெஃப்தான்கோ’ என்ற அடைமொழி வருகிறது. ‘ரெஃப்’ என்பது செய்பவரைக் குறிக்கும் முன்னொட்டு. ‘தான்கோ’ என்பதன் தொடக்கத்திலுள்ள ‘த’, பண்டை எகிப்திய மொழியின் ‘தருதல்’ என்ற வினையின் எச்சம், எஞ்சியது அங்க். கோயிற்சுவர்களில் அரசன் பெயருக்குப் பின் வெட்டிய ‘தி அங்க்’ என்ற தொடரில் இருந்த அதே இரண்டு சொற்கள், தருதலும் உயிரும், ஒரே சொல்லாக இறுகி இங்கே ஒலிக்கின்றன. கேட்பவருள் பெரும்பாலோர் அதை ‘உயிர் தரும்’ என்ற பிரெஞ்சு மொழிபெயர்ப்பின் வழியாகவே அறிவர். அறிக்கை முடிந்ததும் அவர்கள் ஒவ்வொருவராக முன்வர, குருவானவர் அப்பத்தைத் தம் கையாலேயே அவரவர் வாயில் வைக்கிறார். பெற்றவர், சிறு வெள்ளைத் துணியால் வாயை மூடிக்கொண்டு, பேசாமல் தம் இடத்துக்குத் திரும்புகிறார்.